வேட்டைப் பறவைகளின் வரலாறு – 11: எதிரிகள் சேர்த்த சாட்சியம்

1960இல் பிரிட்டனின் பந்தயப் புறா வளர்ப்போர் உள்துறை அமைச்சகத்திடம் ஒரு மனு கொடுத்தார்கள். பொரி வல்லூறுகள் எங்கள் புறாக்களை நடுவானிலேயே அடித்துக் கொல்கின்றன, 1954ஆம் ஆண்டுப் பறவைப் பாதுகாப்புச் சட்டம் அவற்றுக்குத் தந்த காப்பை விலக்குங்கள் என்பது கோரிக்கை. தெற்கு வேல்ஸிலிருந்துதான் குரல் உரக்க எழுந்தது. அமைச்சகம் உடனே முடிவுக்கு வரவில்லை. வல்லூறுகள் உண்மையில் எத்தனை இருக்கின்றன என்று முதலில் எண்ணிப் பார்ப்போம் என்று நினைத்தார்கள். அந்தக் கணக்கெடுப்பு பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளையின் பெயரில் 1961இலும் 1962இலும் நடந்தது. நடத்தியவர் டெரெக் ராட்கிளிஃப் என்ற இயற்கை ஆய்வாளர். வந்த விடை மனு கொடுத்தவர்கள் சொன்னதற்கு நேர்மாறாக இருந்தது. தலைமுறை தலைமுறையாக வல்லூறு கூடமைத்து வந்த பாறைகளில் பல வெறுமையாகிக் கொண்டிருந்தன. தெற்கு இங்கிலாந்தில் பறவை ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. 1963 வாக்கில் பிரிட்டனில் மிஞ்சியிருந்தவை, போருக்கு முந்தைய எண்ணிக்கையில் சுமார் 44 சதவீதம். அவற்றிலும் குஞ்சு வளர்த்து முடித்த இணைகள் மிகச் சில. பறவையை ஒழிக்க வேண்டிக் கொடுத்த மனு அதன் அழிவை அம்பலப்படுத்தியது. அந்த மனு இல்லாவிட்டால் நாடு தழுவிய கணக்கெடுப்பு அந்த ஆண்டுகளில் நடந்திருக்கும் என்று நம்பக் காரணமே இல்லை. இதைத் தற்செயல் என்று சொல்லித் தாண்டிப் போய்விடலாம். ஆனால் அடுத்த இருபது ஆண்டு வரலாற்றைப் பார்த்தால், இதே பாங்கு திரும்பத் திரும்ப வருகிறது. பொரி வல்லூறை மீட்ட சான்றுகளில் முக்கியமான பல, அதைச் சுட்டவர்கள், அதன் முட்டைகளைத் திருடியவர்கள், அதன் குஞ்சுகளைப் பிடித்தவர்கள் விட்டுச் சென்ற பதிவுகளிலிருந்தே வந்தன. அந்த மீட்பை ஒரு நல்ல நூலின் வெற்றி, ஒரு நல்ல சட்டத்தின் வெற்றி என்று மட்டும் எழுதுவது முழு உண்மையாகாது.

முதலில் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். வேட்டைக் காடுகளின் காவலர்கள் நூறாண்டுக்கு மேலாக இப்பறவையைச் சுட்டு வந்தார்கள். ஆகவே 1960களின் வீழ்ச்சிக்கும் துப்பாக்கியே காரணம் என்று நினைக்கத் தோன்றும். இந்த எண்ணத்தை மறுக்கும் சான்றை அளித்தது போர்க்கால அரசு. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களில் தபால் புறாக்களை ஏற்றிச் சென்றார்கள். விமானம் கடலில் விழுந்தால், எங்கே விழுந்தது என்ற செய்தியோடு புறா கரைக்குத் திரும்பும். அந்தப் புறாக்களை வல்லூறு தாக்கக் கூடாது என்பதற்காக 1940இல் பொரி வல்லூறு அழிப்பு ஆணை பிறந்தது. போர் முடிவதற்குள் சுமார் 600 பறவைகள் சுடப்பட்டன, கூடுகளில் இருந்த முட்டைகளும் குஞ்சுகளும் அழிக்கப்பட்டன. இங்கிலாந்தின் தென்கரையில் பல பாறைகள் காலியாயின. பிரிட்டன் முழுவதும் அன்று இருந்தவை எழுநூறு இணை அளவில்தான் என்று கணக்கிட்டிருந்த நிலையில், இது சாதாரண இழப்பு அல்ல. ஆனால் ஆணை நீங்கிய பத்தாண்டுக்குள், 1950களின் நடுவில், பறவை பழைய எண்ணிக்கையை நெருங்கிவிட்டது. யாரும் அதை ஒரு சோதனையாகத் திட்டமிடவில்லை. ஆனாலும் அதன் முடிவு தெளிவானது: பெரிய அளவில் சுட்டுத் தள்ளினாலும், சுடுவதை நிறுத்தினால் இப்பறவை மீண்டுவிடும். 1956க்குப் பிறகு நடந்ததோ இதற்கு நேரெதிர். சட்டம் பறவையைக் காத்தது, துப்பாக்கிகள் குறைந்தன, அப்போதும் அது சரிந்தது. அமைதியான பாறைகளிலும் சரிந்தது. உழவு நிலம் மிகுந்த தெற்கில் அதிகமாகவும், ஸ்காட்லாந்தின் உயர்நிலங்களில் மிகக் குறைவாகவும் சரிந்தது. துப்பாக்கிதான் காரணமென்றால், வேட்டைக் காடுகள் மிகுந்த வடக்கில் அல்லவா பறவை முதலில் குறைந்திருக்க வேண்டும்.

நிலவரைபடத்தில் வீழ்ச்சியின் பரவல் விவசாயத்தைக் காட்டியது. கூட்டுக்குள் இருந்த தடயமோ வேறு ஒன்றைக் காட்டியது. 1950களின் தொடக்கத்திலிருந்தே கூடுகளில் உடைந்த முட்டைகள் கிடப்பதை ராட்கிளிஃப் கவனித்து வந்தார். சில தாய்ப் பறவைகள் தம் முட்டையையே தின்றன. இதற்கு முன் அரிதாக இருந்த இந்த நிகழ்ச்சி ஏன் திடீரென்று பெருகியது என்ற கேள்வியோடு 1958இல் ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு அவரிடமே அன்று விடை இருக்கவில்லை. 1961இல் ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில் பொரிக்காத ஒரு முட்டை கிடைத்தது. அதை ஆய்வகத்தில் சோதித்தபோது டிடிடி உடலில் சிதைந்து உருவாகும் டிடிஇ, டீல்ட்ரின், ஹெப்டாகுளோரின் எச்சம் என்று பல பூச்சிக்கொல்லிகள் ஒரே முட்டையில் இருந்தன. மாங்க்ஸ் வுட் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய நார்மன் மூரும் ராட்கிளிஃபும் 1962இல் இதை வெளியிட்டார்கள். அட்லாண்டிக்கின் அக்கரையில் நிலைமை இன்னும் மோசம். ஜோசப் ஹிக்கி என்ற விஸ்கான்சின் பேராசிரியர் இளமையிலேயே அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலுள்ள வல்லூறுப் பாறைகளைத் தொகுத்து, சுமார் 350 இணைகள் இருக்கலாம் என்று 1942இல் எழுதியவர். 1964இல் அவர் ஏற்பாட்டில் கிழக்கு அமெரிக்காவில் 133 பழைய கூட்டிடங்களுக்கு ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். ஒன்றில்கூட வல்லூறு இல்லை. இந்தப் பூஜ்யத்துக்குப் பொருள் வந்தது எப்படி என்பதை மறக்கக் கூடாது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் முட்டை சேகரிப்போரிடமும், வல்லூறு பழக்குவோரிடமும், பறவை ஆர்வலர்களிடமும் கேட்டுக் கேட்டு எழுதி வைத்த முகவரிகள் இருந்ததால்தான், ‘இங்கே இருந்தது, இப்போது இல்லை’ என்று சொல்ல முடிந்தது. 1965இல் மேடிசனில் ஹிக்கி ஒரு பன்னாட்டு மாநாடு கூட்டினார். பூச்சிக்கொல்லி மீது வந்திருந்த பலருக்கும் ஐயம் இருந்தது. ஆனால் எச்சம் இருப்பதிலிருந்து முட்டை உடைவது வரை இடையில் என்ன நடக்கிறது, அது எந்த ஆண்டில் தொடங்கியது என்பதை அங்கு யாராலும் சொல்ல முடியவில்லை.

அதைச் சொன்னவை அலமாரிகளில் இருந்த முட்டை ஓடுகள். விக்டோரியா காலத்திலிருந்து பிரிட்டனில் முட்டை சேகரிப்பது பெரிய பொழுதுபோக்கு. பொரி வல்லூறின் முட்டை அதில் உயர்ந்த பரிசு. செங்கல் நிறத்தில் அடர் புள்ளிகளோடு இருக்கும் அந்த முட்டைக்காக மனிதர்கள் கயிற்றில் தொங்கிக் கடற்பாறைகளில் இறங்கினார்கள். ஓட்டில் சிறு துளையிட்டு உள்ளிருப்பதை வெளியேற்றி, கழுவி, உலர்த்தி, எடுத்த நாளையும் இடத்தையும் சீட்டில் எழுதி வைப்பது அவர்களுக்குள் எழுதப்படாத ஒழுக்கம். நாளும் இடமும் இல்லாத முட்டைக்கு அவர்களிடையே மதிப்பில்லை. 1954இன் சட்டத்துக்குப் பிறகு இந்தப் பழக்கம் குற்றமாயிற்று, ஆனால் நின்றுவிடவில்லை. அதனால் 1850களிலிருந்து 1960கள் வரை ஆண்டுவாரியாக ஓடுகள் இருந்தன. ராட்கிளிஃப் செய்தது மிக எளிமையானது. ஓட்டின் எடையை அதன் நீள அகலப் பெருக்கத்தால் வகுத்தார். உடைக்காமலே தடிமனை ஒப்பிட அந்த ஈவு போதும். நூறாண்டு காலம் அந்த எண் ஏற்ற இறக்கமின்றி ஒரே அளவில் வந்தது. 1947இல் திடீரென்று சரிந்தது. அதன் பிறகு வந்த முட்டைகளின் ஓடு சராசரியாக 19 சதவீதம் அளவுக்கு இளைத்திருந்தது. 1967இல் நேச்சர் இதழில் இதை அவர் வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஹிக்கியும் டேனியல் ஆண்டர்சனும் அமெரிக்காவின் அருங்காட்சியகங்களிலும் தனியாரிடமும் இருந்த 1,729 முட்டைகளை அளந்து சயின்ஸ் இதழில் எழுதினார்கள். கலிஃபோர்னியாவின் பொரி வல்லூறு முட்டைகளும் அதே 1947இலிருந்து இளைக்கத் தொடங்கியிருந்தன. கடல் பிரித்த இரண்டு நாடுகளில், ஒருவரையொருவர் அறியாத சேகரிப்பாளர்களின் அலமாரிகள் ஒரே ஆண்டைக் காட்டின. டிடிடி போர்க்களத்திலிருந்து வயலுக்கு வந்து ஓரிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது.

இந்தச் சான்றின் மீது வந்த கேள்விகள் அற்பமானவை அல்ல. சேகரிப்பாளர்கள் அறிவியல் முறையில் மாதிரி எடுக்கவில்லை, அழகான முட்டையைத் தேடிப் போனவர்கள், அவர்களின் அலமாரியை எப்படி நம்புவது என்பது ஒன்று. இந்தக் குறை உண்மைதான். ஆனால் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். மிக மெலிந்த ஓடு துளையிடும்போதே நொறுங்கும். கூட்டிலேயே உடைந்த முட்டையை யாரும் எடுத்து வைக்க மாட்டார்கள். ஆகவே அலமாரியில் எஞ்சியவை மெலிவைக் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்ட வழியில்லை. பழைய ஓடுகள் காலத்தால் கனத்திருக்கலாமே என்றால், அப்படிக் கனத்தால் ஆண்டுக்கு ஆண்டு மெதுவாக மாற வேண்டும், ஒரே ஆண்டில் படி இறங்குவதுபோல் இறங்காது. இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. 1947இல் டிடிடி பரவலாகவே இல்லை, அதற்குள் வானத்தின் உச்சியில் பறக்கும் ஒரு வேட்டைப் பறவையின் முட்டையை அது எப்படி எட்டியிருக்கும்? இதற்கு விடை தந்தவர் டேவிட் பீக்கால் என்ற ஆய்வாளர். அதே பழைய சேகரிப்புகளின் ஓடுகளுக்குள் ஒட்டியிருந்த உலர்ந்த சவ்வை அவர் கரைப்பானால் கழுவி எடுத்தார். 1948இல் எடுத்த பொரி வல்லூறு முட்டைகளிலேயே டிடிஇ இருந்ததை 1974இல் சயின்ஸ் இதழில் காட்டினார். திருட்டு முட்டை இங்கே இரண்டாம் முறையாகச் சாட்சி சொன்னது. மூன்றாவது ஆட்சேபம், கோழிக்கும் காடைக்கும் டிடிஇ கொடுத்தால் ஓடு அவ்வளவாக மெலிவதில்லை என்பது. அதுவும் உண்மை. கோழி இனங்கள் அதைத் தாங்குகின்றன. ஆனால் மேரிலாண்டின் பட்டக்ஸெண்ட் ஆய்வு மையத்தில் மல்லார்டு வாத்துக்கும், கெஸ்ட்ரல் எனப்படும் சிறு வல்லூறுக்கும் டிடிஇ கலந்த தீனி கொடுத்தபோது ஓடு மெலிந்தது. ஓடு உருவாகும் சுரப்பிக்குக் கால்சியம் போய்ச் சேர்வதை டிடிஇ தடுக்கிறது, அந்தத் தடைக்கு எல்லாப் பறவைகளும் ஒரே அளவில் ஆட்படுவதில்லை. கோழியை வைத்து வல்லூறுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. வட அலாஸ்காவில் கூடு கட்டும் வல்லூறுகளை டாம் கேட் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்தார்கள். மருந்தே தெளிக்காத நிலத்திலும், முட்டையில் டிடிஇ எவ்வளவு கூடியதோ அவ்வளவு ஓடு மெலிந்திருந்தது. அந்தப் பறவைகளும் அவற்றின் இரைகளும் குளிர்காலத்தைக் கழித்த தொலைதூரத் தெற்கு நாடுகளிலிருந்து நஞ்சு அவற்றின் கொழுப்பில் ஏறி வந்திருந்தது. துந்திராவில் பிறந்து தமிழகக் கடற்கரைகளுக்குக் குளிர்காலத்தில் வரும் பொரி வல்லூறுகளுக்கும் இதே விதி பொருந்தும். ஒரு நாட்டின் வயல் இன்னொரு நாட்டின் பாறைக்கூட்டை எட்டிவிடுகிறது.

எல்லா ஆட்சேபங்களிலும் கனமானது பூச்சிக்கொல்லிகளை ஆராய்ந்தவர்களின் வட்டத்துக்குள்ளிருந்தே வந்தது. அதை மறைத்து எழுதினால் இந்த வரலாறு பொய்யாகிவிடும். ஓடு மெலிந்தது 1947இல், ஆனால் பிரிட்டனில் எண்ணிக்கை சரிந்தது 1956க்குப் பிறகு. இடையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள், மெலிந்த ஓட்டோடும் பறவை போர் இழப்பிலிருந்து மீண்டுகொண்டேதான் இருந்தது. அப்படியானால் பறவையை வீழ்த்தியது ஓடா? 1956 வாக்கில் பிரிட்டனில் ஆல்ட்ரின், டீல்ட்ரின், ஹெப்டாகுளோர் ஆகியவற்றால் விதை நேர்த்தி செய்யும் வழக்கம் பரவியது. வசந்தகால விதைப்பில் அந்த விதையைக் கொத்திய காட்டுப் புறாக்களும் சிறு பறவைகளும் வயல்களில் கூட்டம் கூட்டமாகச் செத்தன. நஞ்சேறித் தள்ளாடும் புறாவை வல்லூறு முதலில் அடிக்கும். டீல்ட்ரின் முட்டையைக் காத்திருந்து கெடுப்பதில்லை, வளர்ந்த பறவையையே கொல்கிறது. 1962இலிருந்து வசந்தகால விதைப்பில் இந்த மருந்துகளைத் தவிர்க்க விவசாயிகளும் உற்பத்தியாளர்களும் ஒப்புக்கொண்டார்கள். சரிவு 1963, 1964 வாக்கில் நின்றது. டிடிடி அப்போது தொடர்ந்து பயன்பாட்டில்தான் இருந்தது. இவற்றை வைத்து இயன் நியூட்டன் முதலான ஆய்வாளர்கள், பிரிட்டனில் முதன்மைக் குற்றவாளி டீல்ட்ரின் என்று வாதிட்டார்கள். இந்த வாதம் வலுவானது, ஏற்க வேண்டியது என்றே கருதுகிறேன். அமெரிக்காவில் இனப்பெருக்கம் நின்றுபோனதே பெரிய காரணம் என்ற கருத்து ஓங்கி நிற்கிறது, அங்கும் டீல்ட்ரினின் பங்கைப் பேசுவோர் உண்டு. இரண்டு நஞ்சுகள் இரண்டு வழிகளில் வேலை செய்திருக்கின்றன, நாட்டுக்கு நாடு அவற்றின் பங்கு மாறியிருக்கிறது. இதனால் ஓட்டின் சான்று பயனற்றுப் போகவில்லை. டீல்ட்ரின் கொன்ற பறவையின் ஈரல் அழுகிப் போகும், ஆராய உடல் கிடைக்க வேண்டும், கிடைத்தாலும் அந்த ஆண்டைப் பற்றி மட்டுமே பேசும். ஓடு மட்டுமே நூறாண்டு முன்னும் இருபதாண்டு பின்னும் பார்க்க இடம் கொடுத்தது. புதிய பூச்சிக்கொல்லிகள் பறவையின் உடலுக்குள் எப்போது நுழைந்தன என்ற கேள்விக்குத் தேதியிட்ட விடை அதனிடம்தான் இருந்தது.

1962இல் வெளிவந்த ரேச்சல் கார்சனின் மௌன வசந்தம் நூலே எல்லாவற்றையும் மாற்றியது என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்த நூல் மக்களை எழுப்பியது, அதன் பெருமையைக் குறைக்க எந்த நியாயமும் இல்லை. ஆனால் அது வந்தபோது ஓடு மெலிவதை யாரும் அறியவில்லை. உற்பத்தியாளர்கள் கேட்டது சான்று. அமெரிக்காவில் பல மாதம் நீண்ட விசாரணைக்குப் பிறகு, 1972 ஏப்ரலில் விசாரணை அதிகாரி டிடிடிக்குத் தடை தேவையில்லை என்றே முடிவு எழுதினார். ஜூனில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் வில்லியம் ரக்கெல்ஷாஸ் அதை மாற்றித் தடை விதித்தார். சில பறவைகளின் முட்டை ஓடு டிடிஇயால் மெலிகிறது என்பது அவர் முடிவுக்கு அடிப்படையான கண்டுபிடிப்புகளில் ஒன்று. ஒரு பறவைக்காக மலேரியாவை ஒழிக்கும் மருந்தைப் பறித்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு இன்றும் எழுகிறது. தடை அமெரிக்க வயல்களுக்குத்தான். பொதுச் சுகாதாரப் பயன்பாட்டுக்கு அதில் இடம் இருந்தது. இந்தியாவிலும் 1989இல் விலக்கியது விவசாயப் பயன்பாட்டை. கொசு ஒழிப்புக்கு டிடிடி தொடர்ந்தது. வயலில் கொட்டிய மருந்தால் கொசுக்கள் அதற்குப் பழகித் தாங்கும் திறன் பெற்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், விவசாயத் தடை மலேரியாப் பணிக்கு எதிரானது அல்ல.

தடை வந்தபோது கிழக்கு அமெரிக்காவில் திரும்பி வரப் பறவையே இல்லை. அங்கே கை கொடுத்தவர்கள் வல்லூறு பழக்குவோர். சென்ற இதழ்களில் நாம் பார்த்த அரசவை வல்லூறு வேட்டை மரபின் வாரிசுகள் இவர்கள். கூட்டிலிருந்து குஞ்சைப் பிடித்து வந்தவர்கள் என்பதால் பறவைப் பாதுகாவலர்களின் ஏச்சுக்கு ஆளானவர்கள். அவர்களில் ஒருவரான டாம் கேட் 1970இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொரி வல்லூறு நிதியத்தைத் தொடங்கினார். அடைத்து வைத்தால் இப்பறவை இனம் பெருக்காது என்று பலர் நினைத்திருந்த காலம். பழக்குவோர் தங்களிடமிருந்த பறவைகளைக் கொடுத்தார்கள். குஞ்சை உயர்ந்த பெட்டியில் வைத்து, மனித முகம் காட்டாமல் தீனி போட்டு, தானே பறந்து வேட்டை கற்கும்வரை விட்டுவைப்பது அவர்களின் பல நூற்றாண்டுப் பழக்கம். அதுவே பறவையைக் காட்டுக்குத் திருப்பும் முறையானது. அந்த நிதியம் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பறவைகளை விடுவித்தது. 1999 ஆகஸ்டில் அமெரிக்கா தன் அழியும் இனப் பட்டியலிலிருந்து பொரி வல்லூறை நீக்கியது. பிரிட்டனில் இப்படி வளர்த்து விடத் தேவை ஏற்படவில்லை. வடக்கில் எஞ்சியிருந்த பறவைகளே தெற்கை நிரப்பின. 2014 கணக்கெடுப்பில் பிரிட்டனிலும் அதன் தீவுகளிலும் சுமார் 1,770 இணைகள் இருந்தன. போருக்கு முந்தைய எண்ணிக்கை பற்றிய எந்தக் கணக்கையும் விட இது அதிகம்.

அப்படியானால் முட்டைத் திருடர்களைப் போற்ற வேண்டுமா, அந்தப் பழக்கத்தை அனுமதித்திருக்க வேண்டுமா என்று கேட்பது நியாயம். போற்ற வேண்டியதில்லை. அவர்கள் எண்ணம் பறவைக்கு உதவுவது அல்ல, அரிதாகிப் போன பிற இனங்களுக்கு அவர்கள் செய்த தீங்கு பெரிது. பறவைக்கு உதவியது அவர்கள் விடாது தேதியிட்டு எழுதிய பழக்கம். அதைத் திருட்டிலிருந்து பிரித்தெடுக்க முடியும் என்பதை மாங்க்ஸ் வுட் நிலையமே காட்டியது. சாலையோரத்திலும் கண்ணாடிச் சன்னல்களின் கீழும் செத்துக் கிடக்கும் வேட்டைப் பறவைகளைப் பொதுமக்கள் அனுப்பி வைக்க, அவற்றின் உடலை ஆராய்ந்து எச்சங்களை ஆண்டுதோறும் பதியும் திட்டம் 1960களில் அங்கே தொடங்கியது, இன்றும் நடக்கிறது. டிடிடியைத் தேடத் தொடங்கிய அந்தப் பணி பின்னாளில் எலிமருந்தின் எச்சங்களையும் கண்டறிந்தது. இப்படி ஒரு பதிவு இல்லாத நிலத்தில் என்ன ஆகும் என்பதற்கு நம் தெற்காசியக் கழுகுகளே உதாரணம். பிணந்தின்னிக் கழுகுகள் 1990களில் கண்ணெதிரே மறைந்தபோது நம்மிடம் ஆண்டுவாரியான உடற்சான்று எதுவும் இருக்கவில்லை. பாகிஸ்தானில் செத்த கழுகுகளின் உடல்களை அறுத்துப் பார்த்த லிண்ட்சே ஓக்ஸ் குழு, கால்நடைக்குக் கொடுக்கும் டைக்ளோஃபெனாக் அவற்றின் சிறுநீரகத்தை அழித்ததை 2004இல் வெளியிட்டது. அந்த ஆய்வுக்குத் துணை நின்றது வல்லூறுக்காகத் தொடங்கிய அதே நிதியம். இந்தியா 2006இல் கால்நடைப் பயன்பாட்டைத் தடை செய்வதற்குள் பெரும்பாலான கழுகுகள் போய்விட்டன, தமிழகத்தில் மாயாறு பள்ளத்தாக்கை ஒட்டிச் சில எஞ்சின. வல்லூறின் முட்டை இன்றும் சோதனைக்குப் போகிறது. டிடிடி குறைந்த பிறகு, துணியிலும் மின் கருவிகளிலும் சேர்க்கும் தீத்தடுப்பு வேதிப்பொருள்களை ஸ்வீடனின் பொரி வல்லூறு முட்டைகளில் 2000களின் தொடக்கத்தில் கண்டார்கள். பிரிட்டனில் இன்று அப்படி ஆய்வுக்கு எடுப்பவை அடைகாத்தும் பொரிக்காமல் போன முட்டைகள் மட்டுமே, அவற்றைத் தொடுவதற்கும் உரிமம் வேண்டும்.